கோவையில் வந்து இறங்கிய கோப்பை

2019ஆம் வருஷம் மார்ச் மாதம் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நாடாளுமன்றத் தேர்தல்தான். மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை மாலை தேர்தல் தேதியை அறிவித்தார்கள். அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு டீக்கடை பெஞ்சுகளில் வேறு பேச்சே இல்லை.

அந்த அறிவிப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஒரு காரியம் நடந்தது. இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டு அணி ஒன்று முதல் தடவையாக வென்றது. அணியின் பெயர் சென்னை சிட்டி எஃப்.சி.

மறுநாள் காலை நம்ம வாலிகண்டபுரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில், “சென்னை கப் அடிச்சிட்டாங்க, பாத்தீங்களா?” என்று கேட்டேன். என்னைப் போலவே ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, “ஐபிஎல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேங்க?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் ஐபிஎல் மார்ச் 23ஆம் தேதிதான் தொடங்கியது. சென்னை என்றால் கிரிக்கெட், கப் என்றால் தோனி என்று ஆகிவிட்ட காலம்.

அந்தக் கால்பந்துப் பருவத்தைப் பற்றி ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். வென்ற கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வென்று ஏழே மாதத்தில் அந்தக் கோப்பையின் மதிப்பே மாறிப்போனது. அந்த இரண்டாவது கதைதான் என்னை எழுத வைக்கிறது.

லீக் என்பது என்ன?

நம் பக்கத்தில் பொங்கலுக்குக் கபடி நடத்துவார்கள். இருபது, முப்பது டீம் வரும். தோற்றவன் மூட்டை கட்டுவான், ஜெயித்தவன் அடுத்த ரவுண்டு போவான். விடிவதற்குள் கோப்பை யாருக்கென்று தெரிந்துவிடும். அது நாக் அவுட் முறை.

லீக் அப்படியில்லை. எல்லா அணியும் எல்லா அணியோடும் இரண்டு தடவை மோத வேண்டும். ஒருமுறை சொந்த ஊரில், ஒருமுறை எதிராளி ஊரில். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா செய்தால் 1, தோற்றால் ஒன்றுமில்லை. 2018-19 ஐ-லீக்கில் 11 அணிகள். ஆளுக்கு 20 ஆட்டம், மொத்தம் 110 ஆட்டங்கள். அக்டோபர் 26 அன்று தொடங்கி மார்ச் 9 அன்று முடிந்தது. நாலரை மாதம்.

சின்ன வெங்காயம் போட்டவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். நட்டதிலிருந்து தண்ணீர், களை, மருந்து என்று ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும். ஒரு நல்ல நாள் பயிரைக் காப்பாற்றிவிடாது. ஆனால் அறுவடை வாரத்தில் ஒரு மழை பெய்தால் எல்லாம் போச்சு. சென்னை சிட்டிக்கும் கடைசி வாரம் அப்படித்தான் வந்து நின்றது.

அதுவரை யார் கையில் இருந்தது?

நாங்கள் படித்த காலத்தில் கால்பந்து என்றால் தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர் இருக்கும். காற்றடித்து வாயைக் கட்டி, ஷூவுக்குக் கட்டுவது போல லேஸ் போட்டு இழுத்து முடிச்சுப் போட வேண்டும். மழையில் நனைந்தால் பந்து கல்லாகக் கனக்கும். தலையால் முட்டியவன் நெற்றியில் லேஸ் தடம் பதிந்திருக்கும். டிரில் மாஸ்டர் விசில் ஊதி பந்தை வாங்கிப் பூட்டிவிட்டால் அடுத்த வாரம்தான். பெரிய ஆட்டம் எல்லாம் கல்கத்தாவில் நடக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற பெயர்களைப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் படித்ததோடு சரி.

தேசிய அளவில் லீக் என்று ஒன்று தொடங்கியதே 1996இல்தான். தேசியக் கால்பந்து லீக் என்று பெயர். முதல் பட்டம் பஞ்சாபின் ஜேசிடி அணிக்கு. சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அணி சில பருவங்கள் ஆடியது. வங்கி வேலையும் பந்தாட்டமும் சேர்ந்து கிடைத்த காலம் அது. மாநிலத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் பலரும் வங்கி, ரயில்வே, சுங்கத்துறை, போலீஸ் என்று ஏதாவது ஓர் அலுவலக அணியில் இருந்தார்கள். ஆட்டம் போனாலும் சம்பளம் நிற்காது, கடைசியில் பென்ஷனும் உண்டு.

2007இல் அந்த லீக்குக்கு ஐ-லீக் என்று பெயர் மாற்றினார்கள். முதல் இருபது வருஷத்தில் பட்டம் பெரும்பாலும் கோவாவுக்கும் கல்கத்தாவுக்குமே போனது. இடையில் மும்பையும் பெங்களூரும் தலைகாட்டின. 2017இல்தான் அந்தக் கோட்டையில் ஓட்டை விழுந்தது. மிசோரம் மாநிலத்தின் ஐஸ்வால் எஃப்.சி. பட்டம் வென்றது. அடுத்த வருஷம் பஞ்சாபின் மினர்வா. இரண்டுமே பணக்கார அணிகள் அல்ல. மூன்றாவது வருஷம் நம் முறை வந்தது.

பெயர் ஓர் ஊர், களம் ஓர் ஊர்

சென்னை சிட்டி புதிதாக முளைத்த அணி அல்ல. 1946இல் தொடங்கிய நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பழைய சென்னை மன்றம்தான் பிற்காலத்தில் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 2016-17 பருவத்தில் ஐ-லீக்குக்குள் வந்தது. அந்தப் பருவத்தில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடினார்கள்.

ஆனால் சென்னையில் ஏற்கெனவே இன்னொரு அணி இருந்தது. 2014இல் தொடங்கிய ஐஎஸ்எல் என்ற புது லீக்கில் ஆடும் சென்னையின் எஃப்.சி. நடிகர் அபிஷேக் பச்சனும் தோனியும் அதன் உரிமையாளர்களில் சேர்ந்தவர்கள். விளம்பரம், தொலைக்காட்சி, வெளிச்சம் எல்லாம் அந்தப் பக்கம். 2017-18 பருவத்திலிருந்து இரண்டு லீக்குகளும் ஒரே மாதங்களில் நடக்கத் தொடங்கின. சென்னை நேரு ஸ்டேடியம் சென்னையின் எஃப்.சி.யின் வீடு. சென்னை சிட்டி கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தது. ஆக, பெயரில் சென்னை, ஆடுவது கோவையில்.

இந்த விசித்திரம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ரஞ்சன்குடிக் கோட்டையடியில் மோதிக்கொண்டார்கள். சரித்திரப் புத்தகத்தில் அதற்கு ‘வாலிகொண்டா போர்’ என்று பெயர். வாலிகண்டபுரம் அவர்கள் நாக்கில் அப்படிப் புரண்டது. கோட்டை அங்கே, பெயர் இங்கே. ஊரும் பேரும் ஒட்டாவிட்டால் என்ன ஆகும் என்றால், இரண்டு ஊர்க்காரர்களுமே அதைத் தங்கள் கதையாகச் சொல்ல மாட்டார்கள். சென்னை சிட்டிக்கும் அதுதான் நேர்ந்தது. சென்னைக்காரர்களுக்கு அது கோவையில் ஆடும் அணி. கோவைக்காரர்களில் பலருக்கு அது சென்னை அணி.

மகள் வீடு கோவையில் இருப்பதால் அந்தப் பருவத்தில் பேரனோடு ஒரு ஆட்டத்துக்குப் போனேன். வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில்தான் ஸ்டேடியம். சுற்றிலும் விளையாட்டுச் சாமான் கடைகள். உள்ளே ஒரு பக்கம் இளைஞர் கூட்டம் ஒன்று மேளம் அடித்து ஆடிக்கொண்டிருந்தது. மற்றப் பக்கங்களில் இடம் தாராளமாக இருந்தது. “தாத்தா, இந்த டீம்தான் ஃபர்ஸ்ட்டுல இருக்கு. ஆனா எங்க கிளாஸ்ல யாருக்கும் தெரியல” என்றான் பேரன். எனக்கு நம்ம டீக்கடை நண்பர் முகம் அப்போதே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யார் யார் ஆடினார்கள்?

முதல் இரண்டு பருவத்திலும் சென்னை சிட்டி பட்டியலின் அடிப்பாகத்தில்தான் கிடந்தது. மூன்றாவது பருவத்துக்கு முன்னால் இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு வீரர்களுக்கு ஸ்பெயின் பக்கம் போனார்கள். பெரிய பெயர்களுக்குப் போகவில்லை. அங்கே கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைத் தேடினார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பெத்ரோ மன்சி. உருகுவேயில் பிறந்தவர், ஸ்பெயினில் ஆடியவர். நடுக்களத்தில் நெஸ்டர் கோர்டியோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ். தற்காப்பில் ரொபெர்டோ எஸ்லாவா. நால்வரும் ஒரே பாஷை, ஒரே பாணி. பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவது கிடையாது. தரையோடு தரையாகத் தட்டித் தட்டிக் கொண்டுபோவார்கள். நேரில் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது இதுதான். பந்து கையைவிட்டுப் போகாத தறிக்காரர் நாடா மாதிரி இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருந்தது.

அவர்களோடு நம் பையன்களும் இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். எட்வின் சிட்னி வான்ஸ்பால் நெய்வேலிக்காரர். நமக்கு ஜெயங்கொண்டம், விருத்தாசலம் தாண்டினால் நெய்வேலி. நிலக்கரி வெட்டும் ஊரிலிருந்து வந்த பையன் ஸ்பெயின்காரர்களுக்கு நடுவில் நின்று பந்தைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார். அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் ஓரத்தில் ஓடுவார். மைக்கேல் ரெஜின் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அவருடைய சகோதரர் மைக்கேல் சூசைராஜ் முந்தின பருவம் வரை இதே அணியில் ஆடி, ஐஎஸ்எல்லில் ஜாம்ஷெட்பூருக்குப் போனவர்.

பருவத்தின் நடுவில், 2019 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி. பாசல் கிளப் இந்த அணியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பியக் கிளப் ஒன்று கோவையில் ஆடும் அணியைத் தேடி வந்து பணம் போட்டது. உள்ளூரில் அதைப் பற்றி இரண்டு வரிச் செய்தி வந்ததாக நினைவு.

பருவம் போன விதம்

அக்டோபர் 26, முதல் ஆட்டம். எதிரணி இந்தியன் ஆரோஸ். கால்பந்து சம்மேளனமே நடத்திய இளம்பையன்களின் அணி அது. சென்னை சிட்டி 4-1 என்று ஜெயித்தது. மன்சி மூன்று கோல். முதல் நாளே ஹாட்ரிக்.

கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்ட நவம்பர் மாதம் ஞாபகம் இருக்கும். அதே நவம்பரில் சென்னை சிட்டி கல்கத்தாவுக்குப் போய் ஈஸ்ட் பெங்காலை அதன் சொந்தக் களத்தில் 2-1 என்று தோற்கடித்தது. ஈஸ்ட் பெங்கால் லேசுப்பட்ட அணி அல்ல. நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த கிளப். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களுக்கு அது வெறும் அணி அல்ல, விட்டுவந்த ஊரின் பெயர். அவர்கள் கடைசியாகத் தேசிய லீக் பட்டம் வென்றது 2003-04இல். பதினைந்து வருஷப் பசியோடு இருந்தார்கள்.

பொங்கலை ஒட்டி அதே ஈஸ்ட் பெங்கால் கோவைக்கு வந்தது. மறுபடியும் சென்னை சிட்டிக்கு வெற்றி, மறுபடியும் 2-1. இந்த இரண்டு ஆட்டத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கணக்குப் பார்க்கும்போது இவைதான் வந்து நிற்கும்.

மன்சி நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார். பருவம் முடிந்தபோது 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் டிரினிடாட் வீரர் வில்லிஸ் பிளாசாவும் 21. இரண்டு பேரும் சமமாக லீக்கின் முதலிடத்தில் நின்றார்கள்.

அரியலூரையும் தொட்ட பிப்ரவரி

அந்தப் பருவத்தில் இன்னொரு புது அணியும் இருந்தது. ரியல் காஷ்மீர். 2014 வெள்ளத்துக்குப் பிறகு, ஊர்ப் பையன்களுக்குச் செய்ய ஏதாவது வேண்டும் என்று ஸ்ரீநகரில் தொடங்கியது. ஒரு முஸ்லிம் பத்திரிகையாளரும் ஒரு காஷ்மீர் பண்டிட் வியாபாரியும் சேர்ந்து தொடங்கிய கிளப். காஷ்மீரிலிருந்து முதல் தர லீக்குக்கு வந்த முதல் அணி. வந்த முதல் வருஷத்திலேயே பட்டத்துக்குப் போட்டியிட்டார்கள்.

பிப்ரவரி 14 அன்று புல்வாமா. மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்கள் 40 பேர் உயிரிழந்தார்கள். அதில் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடிக்காரர். அன்று நம் இரண்டு மாவட்டத்திலும் அடுப்பு எரிந்தாலும் சோறு இறங்கவில்லை. அஞ்சலி பேனர் இல்லாத ஊர் இல்லை.

அந்தத் துயரம் கால்பந்துப் பட்டியலையும் தொட்டது. சில நாளில் ஸ்ரீநகரில் ஆட வேண்டிய மினர்வா பஞ்சாப் அங்கே போகவில்லை. ஈஸ்ட் பெங்காலும் அங்கே போகத் தயங்கியதால் அந்த ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. அதில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தது. பாதுகாப்புக்குப் பயந்தவர்களையும் தப்பு சொல்ல முடியாது. ஸ்ரீநகர் மக்கள் தங்கள் களத்தில் அந்த ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போனதும் நியாயமில்லை. ரியல் காஷ்மீர் மூன்றாம் இடத்தில் முடித்தது. முதல் வருஷத்துக்கு அது சாதாரணமா?

கடைசி நாள்

மார்ச் தொடக்கத்தில் பட்டத்தை உறுதி செய்துகொள்ளச் சென்னை சிட்டிக்கு வாய்ப்பு இருந்தது. சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றார்கள். அறுவடை வாரத்து மழை என்று சொன்னேனே, அதுதான். ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை ஜெயித்து நெருங்கி வந்தது. கடைசி நாளுக்கு முன் கணக்கு: சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39.

மார்ச் 9. இரண்டு ஆட்டமும் ஒரே நேரம். கோவையில் சென்னை சிட்டி, எதிரே நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். பாலக்காட்டுக் கணவாய் தாண்டி கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், எதிரே கோகுலம் கேரளா. சென்னை சிட்டி ஜெயித்தால் வேறு கணக்கே வேண்டாம். டிரா செய்து, ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் 41க்கு 42. கோப்பை கல்கத்தாவுக்கு விமானம் ஏறிவிடும்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிஷம் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டார். 0-1. முதல் பாதி முழுக்க அப்படியே போனது. நாலரை மாதம் முதலிடத்துக்குப் பாடுபட்ட அணி, கடைசி மாலையில் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாம் பாதியில் 56ஆவது நிமிஷம் பெனால்டி. மன்சி அடித்தார். 1-1. அங்கே கோழிக்கோட்டில் கோகுலம் முன்னிலை எடுத்தது. இங்கே 69ஆவது நிமிஷத்தில் கௌரவ் போரா கோல் போட்டார். அவர் கோல் அடிப்பதற்கென்று இருக்கும் ஆள் அல்ல. தற்காப்பு வீரர். வரப்பைக் காக்க நிறுத்திய ஆள் போய்க் கதிர் அறுத்துவந்த மாதிரி. 2-1.

ஆனால் ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு பெனால்டி, இன்னொரு கோல் என்று அவர்களும் 2-1 என்று திருப்பிவிட்டார்கள். இப்போது கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் போதும், எல்லாம் தலைகீழ். அதுவரை காத்திருக்காமல் கூடுதல் நேரத்தில் மறுபடியும் கௌரவ் போரா. 3-1. விசில்.

சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. இருபது ஆட்டத்தில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. இடைவெளி ஒரே ஒரு புள்ளி. அந்த இரண்டு 2-1 ஆட்டங்களில் ஒன்று டிராவாக முடிந்திருந்தாலும் பட்டம் கைமாறியிருக்கும்.

பதினைந்து மாதம்

நான் ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தபோதுதான் இது பிடிபட்டது.

2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று வென்றது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது என்றால் வாரணாசிக்காரருக்குக் கங்கையில் நீச்சல் சொல்லிக்கொடுப்பது போல. நம் அணியில் கடலூர் இந்துமதி கதிரேசன் இருந்தார். 2018 மார்ச் 17 அன்று சென்னையின் எஃப்.சி. பெங்களூரை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வீழ்த்தி ஐஎஸ்எல் கோப்பையை இரண்டாம் முறை வென்றது. 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி. அதே வருஷம் மே 22 அன்று லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தை எடுத்தது.

பதினைந்து மாதச் சொச்சத்தில் நாட்டின் நான்கு பெரிய பட்டங்கள். கால்பந்து என்றால் வங்காளம், கோவா, கேரளம், மணிப்பூர் என்று சொல்லும் நாட்டில், அந்தப் பதினைந்து மாதம் தமிழ்நாட்டுக்குரியது. எந்த ஊர்வலமும் நம் பக்கம் வரவில்லை. ஆனால் நெய்வேலியும் கடலூரும் நமக்குப் பக்கத்து வீடுகள்.

கதவு சாத்தப்பட்டது

இனி இரண்டாவது கதை.

அதுவரை ஐ-லீக் சாம்பியனுக்கு ஒரு பெரிய உரிமை இருந்தது. ஆசியாவின் முதல்தரக் கிளப் போட்டியின் தகுதிச் சுற்றில் இந்தியாவின் சார்பில் ஆடப் போவது ஐ-லீக் சாம்பியன்தான். ஐஎஸ்எல்லில் எத்தனை வெளிச்சம் இருந்தாலும் அந்த நாற்காலி ஐ-லீக்குக்கே.

2019இல் அந்த நாற்காலியை மாற்ற ஏற்பாடாயிற்று. ஐ-லீக் கிளப்புகள் பல எதிர்த்தன. அந்த வசந்தத்தில் நடந்த சூப்பர் கோப்பையைப் பல கிளப்புகள் புறக்கணித்தன. சென்னை சிட்டி ஆடியது. ஐஎஸ்எல் சாம்பியனான பெங்களூரையே தோற்கடித்து அரையிறுதி வரை போனது. களத்தில் யார் பலசாலி என்பதற்கு அதுவே ஒரு பதில். ஆனால் முடிவு களத்தில் எடுக்கப்படவில்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு புதிய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தப் பருவம் முதல் ஆசியாவின் பெரிய வாசல் ஐஎஸ்எல்லுக்கு. ஐ-லீக் ஒரு படி இறங்கியது.

இதில் இரு பக்கமும் வாதம் உண்டு. ஐஎஸ்எல் வந்த பிறகுதான் ஸ்டேடியங்கள் திருந்தின, வீரர்களுக்கு நல்ல சம்பளம் கிடைத்தது, வீட்டுத் தொலைக்காட்சியில் இந்தியக் கால்பந்து தெரிந்தது. பணம் போடுகிறவர் பாதுகாப்புக் கேட்பதும் இயற்கை. இதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் ஐஎஸ்எல்லில் இடம் என்பது அன்று பணம் கட்டிப் பெறுவது. ஐ-லீக்கில் ஜெயித்தால் மேலே ஏறலாம் என்ற வழி அப்போது இல்லை. ஐஸ்வால், மினர்வா, சென்னை சிட்டி என்று மூன்று வருஷம் வரிசையாகச் சின்ன அணிகள் பட்டம் வென்றன. மூன்றாவது அணி கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைப்பதற்குள் மேல்படி இருந்த இடத்தில் சுவர் எழும்பிவிட்டது.

சென்னை சிட்டிக்கு வென்றதற்குரிய பழைய உரிமை ஒருமுறை கிடைத்தது. 2020 ஜனவரி 14, போகி நாளன்று, ஆசியத் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியோடு ஆடியது. சொந்த ஊர் ஆட்டம்தான், ஆனால் நடந்தது அகமதாபாத்தில். பெயர் சென்னை, வீடு கோவை, ஆட்டம் குஜராத். 0-1 என்று தோற்றார்கள். மன்சி ஜப்பானுக்குப் போனார். வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போய் அடுத்த பருவமே ஐஎஸ்எல் இறுதிப் போட்டி வரை ஆடினார். கொரோனா பயத்தில் 2020 மார்ச் 14 அன்று காலி ஸ்டேடியத்தில் நடந்த இறுதி அது. 2021-22 ஐ-லீக் அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று வருஷம் முடியவில்லை.

ஐ-லீக் சாம்பியன் ஐஎஸ்எல்லுக்கு ஏறலாம் என்ற விதி 2022-23 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த வருஷம் ஜெயித்த பஞ்சாப் அணி மேலே போனது. அது பழைய மினர்வாவிலிருந்து வந்த அணிதான். 2019 மார்ச் 9 அன்று கோவையில் தோற்ற அணியின் வாரிசுக்கு ஏணி கிடைத்தது, ஜெயித்த அணிக்குக் கிடைக்கவில்லை. நாலு வருஷம் முந்திப் பிறந்தது அதன் குற்றமா?

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். கோப்பை ஒரு மாலையில் வந்துவிடும். அதைத் தாங்கிக்கொள்ள ஊர் வேண்டும், ஏணி வேண்டும். ஈஸ்ட் பெங்கால் அன்று ஒரு புள்ளியில் தோற்றது. ஆனால் பட்டமே இல்லாமல் பதினைந்து வருஷம் இருந்தும், அந்தப் பெயருக்காக உயிரை விடும் கூட்டம் அதற்கு உண்டு. அதனால் அது இன்றும் ஆடுகிறது. சென்னை சிட்டிக்குக் கோப்பை இருந்தது, கூட்டம் சேர்வதற்குள் காலம் முடிந்துவிட்டது.

பெரம்பலூர் பக்கம் மாலை நேரத்தில் பள்ளி மைதானங்களைப் பாருங்கள். கிரிக்கெட் மட்டைகளுக்கு நடுவில் பந்தை உதைத்துக்கொண்டு நாலு பையன்கள், இப்போது பெண் பிள்ளைகளும் சேர்ந்து, இருக்கத்தான் செய்கிறார்கள். நெய்வேலிக்கும் கடலூருக்கும் நடந்தது நமக்கும் நடக்கலாம். அந்தப் பிள்ளைகளிடம் யாராவது, தமிழ்நாட்டு டீம் எப்போதாவது தேசிய லீக் ஜெயித்திருக்கிறதா என்று கேட்டால், ஜெயித்திருக்கிறது, 2019 மார்ச் 9, கோவையில், 3-1 என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.